முன்னுக்குத் தள்ளினால் பூட்டு

பிராண்டே
டென்மார்க்
3.2.2024

தம்பி பாலேந்திராவுக்கு அத்தான் மாமாங்கம் எழுதுவது.

நானும் உமது அக்கா செல்வமலரும் சுகம். பிரெடெரிசியாவில் நீரும் சுஜீதாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகமில்லாமல் கிடக்க உமக்கு எங்கே நேரம்? வாரத்தில் பாதி நாள் துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தில் நிற்கிறீராமே.

போன் எடுத்தீர் என்று அக்கா சொன்னா. காற்றாலைத் தொழிற்சாலை இரைச்சலும் வேட்டை வெடியும் தின்று முடித்த காது இது. போனில் கதைத்தால் பாதி எனக்குக் கேட்காது, மீதியை நீர் பிறகு மாற்றிச் சொல்வீர். எழுத்து என்றால் எழுதினது எழுதினதுதான்.

நீல்ஸ் வீட்டு வேட்டை விருந்தில் நீர் புதுத் துவக்கின் படத்தை எல்லோருக்கும் காட்டினதைப் பார்த்தேன். மூன்று நிலை சேஃப்டிப் பூட்டாம், திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடிய விசையாம். நீல்ஸும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய காட்டில் நான் இருபத்திரண்டு வருஷம் வேட்டையாடுகிறேன். என் துவக்கைப் பற்றி அவன் ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

என்னுடையது பழைய செக் நாட்டுத் துவக்கு. இரண்டு நிலைதான். பூட்டினால் விசையோடு, தோட்டா ஏற்றுகிற போல்ட்டும் சேர்ந்து பூட்டுப்படும், பற்றைக்குள் நடக்கும்போது தானாகத் திறபடாது. ஒன்றில் சுடுவாய், இல்லையென்றால் சுடமாட்டாய். நடுவில் ஒரு நிலை எதற்கு? முடிவெடுக்க ஏலாதவர்களுக்காகச் செய்தது அது.

நீர் வேட்டைப் பரீட்சையில் முதல் தரமே ஒரு பிழையும் விடவில்லை என்று நீல்ஸ் மேசையில் இரண்டு தரம் சொன்னான். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துத் தனியே படித்து மூன்றாம் தரம் பாஸ் பண்ணினவன். அதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஏப்ரலில் எனக்குக் கண் சத்திரசிகிச்சை. சுஜீதாவிடம் சுகம் விசாரித்ததாகச் சொல்லும்.

இப்படிக்கு
மாமாங்கம்


பிரெடெரிசியா
14.2.2024

அன்பான அத்தானுக்கு,

கடிதம் கிடைத்து வாசித்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் தடிமனும் தும்மலும், மற்றபடி பிழையில்லை. அக்காவின் முழங்கால் எப்படி? உங்கள் கண்ணைப் பற்றி யோசிக்காதேங்கோ. இங்கே எனக்குத் தெரிந்த மூன்று பேர் செய்துவிட்டு, இப்போது மனைவியின் சமையலில் கிடக்கிற தலைமயிர்கூடத் தெரிகிறது என்று கவலைப்படுகிறார்கள்.

நடுநிலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்கக்கூடாது. உங்கள் துவக்கில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் பூட்டைத் திறக்கத்தானே வேண்டும்? அந்த நேரம் விரல் தவறினால்? என்னுடையதில் நடுநிலைக்குக் கொண்டுவந்தால் விசை பூட்டியபடியே இருக்கும், போல்ட் மட்டும் திறபடும். அவ்வளவுதான் சங்கதி. முடிவெடுக்க ஏலாதவன் என்பதும் சரிதான், கடையில் சப்பாத்து வாங்க எனக்கு ஒரு பின்னேரம் வேணும் என்று சுஜீதா சொல்கிறாள்.

நீல்ஸ் என்னிடம் மே பதினாறு ஆண்மான் வேட்டை தொடங்கும்போது வருகிறாயா என்று கேட்டார். முதலில் அத்தானிடம் கேளுங்கள் என்றேன். உங்களைக் கேட்டாரா?

அன்புடன்
பாலேந்திரா


பிராண்டே
22.3.2024

தங்கச்சி கமலேஸ்வரிக்கு,

ஹேர்னிங்கில் உன் பாடு எப்படி? முதியோர் இல்லத்தில் இரவு வேலையை விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டு ஆறுதல். எனக்கு உடம்பு சரி. மனம்தான் சரியில்லை. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? செல்வமலரிடம் சொன்னால் தன் தம்பிக்காக வழக்காடுவா.

நீல்ஸ் நேற்று வீட்டுக்கு வந்தான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு துவக்கின் பின்னுதை கண்ணுக்குக் கூடாது, ஆறு கிழமைக்குச் சுடக்கூடாது என்று டொக்டர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அவன் இரண்டு நாள் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். உடனே சொல்கிறான், அப்படியென்றால் ஓடைக்கரைப் பரணில் இந்த முறை பாலேந்திரா என்னோடு இருக்கட்டும் என்று. அந்தப் பரண் நான் கட்டியது. பலகை நான் ஏற்றியது. நீல்ஸ் பக்கத்தில் நின்று பியர் குடித்தவன்.

அதோடு முடியவில்லை. பாலேந்திரா தன் புதுத் துவக்கின் விசையைத் திருகி மெல்லிசாக்கப்போய், போல்ட்டை அடித்து மூடினால் விசை தானாகவே விழுந்து வெடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டானாம். பிழை தன்னில்தான் என்று நீல்ஸுக்கு அவனே சொல்லியிருக்கிறான். அது இப்போது துவக்குத் திருத்துபவரிடம், யூன் மாதம்தான் வருமாம். ஆகவே நீ சுடாமல் இருக்கிற நேரம் உன் துவக்கைக் கொடேன் என்று நீல்ஸ் கேட்கிறான். செல்வமலர் கோப்பியை வைத்துக்கொண்டே "அதுக்கென்ன, குடுப்பார்" என்றா. நான் எப்படி மறுக்க?

அந்தத் துவக்கை இதுவரை ஒருவரிடமும் கொடுத்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதன் சேஃப்டி மற்றத் துவக்குகளுக்கு நேர்மாறு. முன்னுக்குத் தள்ளினால் பூட்டு. பின்னுக்கு இழுத்தால் வெடிக்கத் தயார். இப்போது வருகிறவை எல்லாம் முன்னுக்குத் தள்ளினால் வெடிக்கும். திறந்திருப்பதைக் காட்டுகிற சிவப்புப் புள்ளியும் என்னுடையதில் தேய்ந்து போயிற்று. என் பெருவிரலுக்குப் புள்ளி தேவையில்லை. பழகாதவன் பூட்டுகிறேன் என்று நினைத்துத் திறந்து வைப்பான்.

வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே.

உன் அண்ணன்
மாமாங்கம்


பிராண்டே
23.4.2024

தம்பி பாலேந்திராவுக்கு,

கண் ஆறி வருகிறது. வெளிச்சம்தான் குத்துகிறது. நீர் வந்து துவக்கைக் கொண்டுபோன அன்று எனக்கு மருந்து விட்டிருந்ததால் வடிவாகக் கதைக்க முடியவில்லை. விபரம் எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதற்குத்தான் இது.

விசையைப் பற்றி முதலில். சாதாரணமாக இழுத்தால் கனமாக இருக்கும். விசையையே விரலால் முன்பக்கம் தள்ளினால் "டிக்" என்று இறுகும். அதற்குப் பிறகு மூச்சுப் பட்டாலும் வெடிக்கும் என்று வைத்துக்கொள்ளும். மான் குறிக்குள் நிற்கும்போது மட்டும் இறுக்க வேண்டும். சுடாமல் விட்டால் போல்ட்டைத் திறந்து இறுக்கத்தை நீக்கிவிடும். உமது திருகாணி விளையாட்டு இங்கே செல்லாது.

போல்ட்டை மெதுவாக மூடினால் தோட்டா குறுக்கே சிக்கும். ஆண்பிள்ளை போல அடித்து மூட வேண்டும். குறி பார்க்கிற ஸ்கோப் நூறு மீற்றருக்குச் சரி பார்த்தது, ஒன்றையும் தொடவேண்டாம். தோட்டா நான் தந்த பெட்டியில் உள்ளதையே பாவியும். பரணின் மூன்றாம் படி வழுக்கும்.

அக்கா உமக்குக் கொடுத்துவிட்ட பருத்தித்துறை வடை பழுதாகமுன் சாப்பிடும்.

மாமாங்கம்


பிரெடெரிசியா
29.4.2024

அன்பான அத்தானுக்கு,

வெளிச்சத்தில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போடுகிறீர்கள்தானே? போடாமல் திரிகிறீர்கள் என்று அக்கா எனக்குப் புகார் சொன்னா.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கழகத்தில் நின்று எல்லாம் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி விசை அச்சாவாக இருக்கிறது. நூறு மீற்றரில் மூன்று வெடியும் ஒரு தீப்பெட்டிக்குள். பக்கத்தில் நின்ற டெனிஷ் பெடியன் "இந்தப் பழசா?" என்று கேட்டான். "பழசுக்குச் சொந்தக்காரரைப் பார்த்தால் இன்னும் பயப்பிடுவாய்" என்றேன்.

விசை, போல்ட், ஸ்கோப், தோட்டா, படி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துவக்கைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறேதும் உண்டா அத்தான்? நீல்ஸ் பக்கத்தில் இருக்கப்போகிறார், அதனால் கேட்கிறேன். பதிலுக்குப் பார்த்திருப்பேன்.

பாலேந்திரா


பிராண்டே
4.5.2024

தம்பி பாலேந்திராவுக்கு,

அனைவரும் நலம். கண்ணாடி போடுகிறேன்.

மழை நாளில் குழாயை உலரத் துடைக்கவும். வேறொன்றுமில்லை.

மாமாங்கம்


ஹேர்னிங்
8.5.2024

அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்களோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை பாலேந்திரா இங்கே வந்தார். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து "பாருங்கோ மச்சாள், அத்தான் எவ்வளவு விளக்கமா எழுதியிருக்கிறார்" என்று என் கையில் தந்தார். நானும் வாசித்தேன். வடையிலிருந்து வழுக்குகிற படிவரை எல்லாம் இருந்தது. முன்னுக்குத் தள்ளினால் பூட்டு என்று எனக்கு எழுதினீர்களே, அது மட்டும் இல்லை. திருப்பி, பின்பக்கமும் பார்த்தேன். இல்லை.

மறதி என்று நினைக்கத்தான் பார்த்தேன். மருமகளின் பூனைக்கு எப்ப ஊசி போட்டது என்பதுகூட உங்களுக்கு நினைவு இருக்கும். நீங்கள் மறக்கிற ஆள் இல்லை.

அண்ணை, அது விளையாட்டுச் சாமான் இல்லை. பரண் என்ன அகலம்? நீல்ஸின் தொடை பாலேந்திராவின் தொடையில் முட்டும். பூட்டினேன் என்று நினைத்து அவர் மடியில் வைத்திருப்பார். உங்களுக்கு அவரில் எரிச்சல். ஏனென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எரிச்சல் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் கடிதத்தில் எதை விடுவது என்பது நீங்கள் யோசித்துச் செய்தது.

நான் அவருக்கு அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அவர் தப்புவார், நீங்கள் சொல்லாத ஆளாகவே இருந்துவிடுவீர்கள். ஆகவே பதினைந்தாம் திகதி பின்னேரம் வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு போன் எடுத்து அவருக்கும் நீல்ஸுக்கும், கடைசியாக அண்ணிக்கும் சொல்வேன்.

சாப்பிட்டுவிட்டு மருந்து போடுங்கோ.

கமலேஸ்வரி


பிராண்டே
11.5.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். அண்ணனுக்குத் தவணை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாய், சந்தோஷம்.

பிறத்தியாரின் துவக்கைக் கையில் எடுக்கிறவன் முதலில் வெறுந்துவக்கில் எல்லாத்தையும் செய்து பார்க்க வேண்டும். பரீட்சையில் இது முதலாவது பாடம். ஒரு பிழையும் விடாதவருக்கு இதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? தெரியாவிட்டால் அந்தப் பரணில் இருக்க அவருக்கு என்ன தகுதி?

இரண்டு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். எழுதினால் அவர் நன்றி சொல்லிப் பதில் போடுவார். அதை வாசிக்க எனக்குப் பொறுமையில்லை. இப்போது எழுதித் தபாலில் போட்டாலும் பதினாறுக்கு முன்னர் போய்ச் சேராது. தபால் போகிற போக்கு உனக்குத் தெரியும்.

உன் கைவலி எப்படி?

மாமாங்கம்


பிராண்டே
18.5.2024

தங்கச்சி கமலேஸ்வரிக்கு,

சொல்லிவிட்டேன் என்று அன்று பின்னேரமே போனில் ஒரு வரி சொன்னேன், அதனால் நீ மற்றவர்களுக்குப் போன் எடுக்கத் தேவை வரவில்லை. நடந்ததை என் வாயால் நீ அறிய வேண்டும். மற்ற ஆட்கள் இதைத் தங்களுக்கு வசதியாகச் சொல்வார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

பதினைந்தாம் திகதி மத்தியானம் செல்வமலரிடம் நீல்ஸ் வீட்டுக்குக் காரை எடுக்கச் சொன்னேன். ஏன் என்றா. போய்வந்து சொல்கிறேன் என்றேன். அவவைக் காரிலேயே இருத்திவிட்டு உள்ளே போனேன். குசினி மேசையில் நீல்ஸும் பாலேந்திராவும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் விடியலுக்காகப் பாலேந்திரா முதல் நாளே வந்து நிற்கிறார். என் துவக்கு பையோடு சுவரில் சாத்தியிருந்தது. நான் வழமையாகச் சாத்தி வைக்கிற அதே மூலை.

"அத்தான்! கண்ணாடியும் போடாமல் வெய்யிலுக்குள்ள என்ன வேலை?"

"துவக்கை எடும்."

எடுத்தார். போல்ட்டைத் திறந்து, தோட்டா இல்லையென்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் தந்தார்.

"இதின்ர சேஃப்டி மற்றப் பக்கம்," என்றேன். "முன்னுக்குத் தள்ளினால்தான் பூட்டு. பின்னுக்கு இழுத்தால் வெடிக்கும்."

"தெரியும் அத்தான்."

"எப்ப தெரியும்?"

"கொண்டுபோன அண்டைக்கே. வெறுந்துவக்கில செய்து பாத்தனான்."

"பிறகேன் 'வேறேதும் உண்டா' எண்டு எழுதினனீர்?"

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லாட்டில் சொல்லாமல் விட்டிருப்பன். ஒருத்தருக்கும் தெரியவும் வந்திராது."

நீல்ஸுக்குத் தமிழ் விளங்காதுதானே. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னவாம் என்று கேட்டான். பாலேந்திரா ஒரு கணமும் யோசிக்கவில்லை. வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இவர்கள் "க்னெக் ஓ பிரெக்" என்று வாழ்த்துச் சொல்வார்கள். அதைச் சொல்லத்தான் அத்தான் கண் நோவோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று டெனிஷில் சொன்னார். நீல்ஸுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உன்னைப் போல ஆள் இல்லை என்று என் தோளில் தட்டிவிட்டு எனக்கும் கோப்பி வார்த்தான்.

கமலேஸ்வரி, அந்தக் கோப்பி என் முன்னால் ஆவி பறக்க இருந்தது. நான் கையே வைக்கவில்லை. பரண் அவருக்கு, மான் அவருக்கு, நீல்ஸின் சிரிப்பு அவருக்கு. இனி என் நல்ல பெயரையும் அவரே பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரியப்போகிறார். தேவையான நேரம் எடுத்துப் பார்ப்பார். ஒருவருக்கும் காட்டமாட்டார், அவ்வளவு நல்லவர். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாத சங்கதி.

நான் டெனிஷில் சொன்னேன். இல்லை நீல்ஸ், வாழ்த்துச் சொல்ல வரவில்லை. இந்தத் துவக்கின் சேஃப்டி தலைகீழ். எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். இவர் கேட்டு எழுதினார், வேறொன்றுமில்லை என்று நான் பதில் எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன்.

நீல்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். நான் நினைத்தது, இனி என்னைத் திட்டுவான் என்று. அவன் பாலேந்திராவின் பக்கம் திரும்பினான்.

"உனக்கு இது எப்பவிருந்து தெரியும்?"

"ஏப்ரலில் இருந்து."

"தெரிந்துகொண்டு, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருக்கப்போனாயா?"

"எனக்குப் பழகிவிட்டது நீல்ஸ். இருநூறு தரம் செய்து பார்த்தேன்."

"பெருவிரல் குளிரில் எதை மறக்கும் என்று உனக்குத் தெரியாது," என்றான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னான்: "உங்கள் குடும்பச் சண்டைக்கு நடுவில் என்னை இருத்தப் பார்த்திருக்கிறீர்கள். நாளைக்கு நான் தனியப் போகிறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை. என் காதுக்குக்கூட ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

துவக்கை நான் காரில் வைத்தேன். பாலேந்திரா தன் காரில் ஏறிப் போனார். செல்வமலருக்கு வழியில் எல்லாம் சொன்னேன். வீட்டில் சோற்றைப் போட்டுத் தந்தா. அன்று தொடக்கம் என்னோடு கதை இல்லை.

நீ கேட்டபடி சொன்னேன். ஆனால் நீ கேட்டதற்காகச் சொல்லவில்லை, அதையும் தெரிந்துகொள்.

உன் அண்ணன்
மாமாங்கம்


பிரெடெரிசியா
20.6.2024

அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் சுகம் என்று நினைக்கிறேன். நாங்கள் சுகம்.

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதியிருந்தால் மரியாதை தவறியிருப்பேன். இப்போதும் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

நீங்கள் அந்த வரியை விட்டதை நான் அன்றே கண்டேன். அக்காவுக்குச் சொல்லவில்லை, சுஜீதாவுக்குச் சொல்லவில்லை. நீல்ஸுக்கு முன்னால் உங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னேன். அதை நீங்களே உடைத்தீர்கள். உடைத்ததால் இரண்டு பேருக்கும் போயிற்று. பரணும் இல்லை, மானும் இல்லை. நீல்ஸ் என்னைப் பார்க்கும் பார்வையும் மாறிவிட்டது. நான் பேசாமல்தானே இருந்தேன். பேசாமல் இருந்தது எனக்கு ஏன் குற்றமாக வந்தது? நீங்கள் ஏன் சொன்னீர்கள்? நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லையே.

நீல்ஸ் நேற்று என்னைக் கூப்பிட்டார். ஓகஸ்ட்டில் சூட்டுத் திடலுக்கு இரண்டு பேரும் வரவேண்டுமாம். நான் உங்கள் துவக்கையும் நீங்கள் என்னுடையதையும் பிடித்து, தோட்டா போட்டு, பூட்டி, திறந்து, வெறுமையாக்கிக் காட்ட வேண்டுமாம். ஒருவர் தவறினாலும் இரண்டு பேருக்கும் காடு இல்லையாம். என் துவக்கு திருத்தி வந்துவிட்டது.

நான் வருவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

பாலேந்திரா


பிராண்டே
27.6.2024

தம்பி பாலேந்திராவுக்கு,

உமது அக்கா போன கிழமை தொடக்கம் என்னோடு கதைக்கிறா. முழங்காலுக்கு ஊசி போட்டது. என் கண் இப்போது வடிவாகத் தெரிகிறது. தூரத்தில் நிற்கிற காற்றாடியின் இறகைக்கூட எண்ணலாம்.

இத்தனை வருஷத்தில் நீர் எழுதியதில் பகிடி ஒன்றும் இல்லாத முதல் கடிதம் இது. மூன்று தரம் வாசித்தேன். உம்மோடு கதைக்கலாம் என்று முதல் முதலாகத் தோன்றியது.

ஏன் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறீர். நீர் காப்பாற்றியதால்தான் சொன்னேன். செய்தவன் நான். அதை வைத்திருப்பதா வெளியே விடுவதா என்று தீர்மானிக்கிற ஆளும் நானாகத்தான் இருக்க வேண்டும். நீர் என்னில் இரக்கப்பட்டு அந்த மேசையில் இருக்க, நான் உமது இரக்கத்துக்கு ஆளானவனாக எதிரில் இருந்து கோப்பி குடிக்க, அது எனக்குச் சரிவராது. மான் போனது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். அப்படிக் குடிப்பதைவிட இது மேல்.

பேசாமல் இருந்தது ஏன் குற்றம் என்றும் கேட்டிருக்கிறீர். நீர் என்னைச் சோதித்தீர். நான் உம்மை விழுத்தப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் நீல்ஸ் இருந்தான். அவன் சொன்னது சரி. சரியென்று அவனுக்கு நான் சொல்லப்போவதில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் தேட வேண்டாம். நீர் கேட்ட கேள்விக்கு "வேறொன்றுமில்லை" என்று எழுதியது பொய். அதை இதோ எழுத்தில் தந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளும்.

யூலை பதின்மூன்றாம் திகதி சனிக்கிழமை பத்து மணிக்கு உமது துவக்கோடு வாரும். முடிவெடுக்க உமக்கு இரண்டு கிழமை காணும். எனக்கு அதன் மூன்று நிலையும் கைவர வேண்டும். உமது அக்கா இறால் வாங்கி வைத்திருக்கிறா. நீர் வராவிட்டால் எல்லாவற்றையும் நானே சாப்பிட வேண்டும், கொலஸ்ட்ரோல் கூடும், அந்தப் பழியும் உம்மில்தான் வரும்.

ஒன்று மட்டும் வருவதற்கு முன்னரே எழுத்தில் தாரும். நீல்ஸின் வீட்டுக்கு நான் இருக்கிற இடத்தில் இருந்து பத்து நிமிடம். பிரெடெரிசியா எங்கே கிடக்கிறது? இந்த ஓகஸ்ட் விஷயத்தை அவன் எனக்குச் சொல்லாமல், முதலில் உம்மைக் கூப்பிட்டுச் சொன்னது ஏன்?

அத்தான்
மாமாங்கம்